ஏரோப்ளேன் மோடில் மாப்பிள்ளை

குழாய்க்காரருக்கு அந்தத் துப்பறியும் நாவலை முடித்தே ஆக வேண்டும். மாளிகை முதலாளியைக் கொன்றது யார்? டாக்டரா, டிரைவரா, சின்ன மருமகளா? இது தெரியாமல் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் நியாயமாகக் காசு கொடுத்துத்தான் வாங்கினார். பாதியில் போன் விழுந்து உடைந்தது. புதுப் போனில் திறந்தால், 'இந்தச் சாதனத்துக்கு அனுமதி இல்லை' என்றது ஆப். கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். நீங்கள் வாங்கியது புத்தகம் அல்ல, வாசிக்கும் உரிமை மட்டுமே என்று பதில் வந்தது. அட போங்கடா! வாஷ்பேசினை மாட்டிவிட்டு, 'முகம் கழுவும் உரிமை மட்டும்தான் உங்களுக்கு' என்று இவர் சொன்னால் எந்த வீட்டுக்காரர் சும்மா விடுவார்?

அப்புறம் நூலக ஆப்புக்குப் போனார். அங்கே வேறு கூத்து. ஒரே ஒரு பிரதிதானாம், வரிசையில் நிற்க வேண்டுமாம். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற புத்தகத்துக்கு எதற்கய்யா வரிசை? அதை யாராவது கக்கத்தில் இடுக்கிக்கொண்டா போகிறார்கள்? தலையெழுத்தே என்று மாதக் கணக்கில் நின்றார். சும்மா நின்ற நேரத்தில், போகிற வீட்டிலெல்லாம் நாவலின் பெருமையை அளந்து எல்லோரையும் வரிசையில் சேர்த்துவிட்டார். மாமியாரைத் தமக்கு அடுத்த ஆளாகச் சேர்த்தார். வெளியூரில் இருக்கும் அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் ரெண்டு வருஷமாக ஒழுகுகிறது. அதற்கு 'இதோ வரேன் அத்தை' என்பதோடு சரி. ஆப்பை மட்டும் அவரைப் பார்த்த அன்றைக்கே அவர் போனில் போட்டுக் கொடுத்தார்.

ஒருவழியாகப் புத்தகம் கைக்கு வந்தது. கெடு முடியும் நாளில் கடைசி அத்தியாயம் பாக்கி. விடுவாரா? போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுத் தேதியைப் பத்து நாள் பின்னுக்குத் தள்ளினார். ஆப் ஏமாந்தே போனது. பரீட்சையில் காப்பி அடித்து மாட்டாமல் தப்பிய பையனைப் போலக் குஷியாகிவிட்டார்.

மறுநாள் டெய்லரம்மா வீட்டுக் குளியலறையில் வேலை. குழாய் மூட்டில் பூசிய பசை காய வேண்டும். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து போனைத் திறந்தார். துப்பறிகிறவர் எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொல்லிவிட்டார். இதோ, சொல்லப் போகிறார்.

"முடிஞ்சுதாங்க?" கதவருகே டெய்லரம்மா. "வெள்ளிக்கிழமை வேற, கடைக்கு ஆள் வந்துடுவாங்க."

"வெள்ளிக்கிழமையா!"

போச்சு. வெள்ளி காலை பத்து மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் மாமியாரை அழைக்க வேண்டும். இவர் ஞாபகசக்தியை நம்பாத மனைவி, தன் கையாலேயே இவர் போனில் அந்தத் தேதிக்கு அலாரம் வைத்திருந்தாள். போன்தான் போன வாரத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறதே, எப்படி அடிக்கும்? நர்ஸ் வேலையில் இருக்கும் அவள் போனோ ஆஸ்பத்திரி லாக்கரில் கிடந்தது.

அலறியடித்துக்கொண்டு வேனை ஓட்டினார். போய்ச் சேரும்போது மதியமாகிவிட்டது. இரண்டு பைகளுக்கு நடுவே மாமியார் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. அதுதான் இவருக்குப் பயமாக இருந்தது.

"மன்னிச்சுக்குங்க அத்தை, வேலை கொஞ்சம்..."

"பரவாயில்ல மாப்பிள்ளை. நல்லவேளை, நேத்து அந்தப் புத்தகம் எனக்கு வந்துடுச்சு. பொழுது போனதே தெரியல."

அடப்பாவிகளா! இவர் கையிலிருந்து பிடுங்க முடியாவிட்டாலும், கெடு முடிந்ததும் நூலகம் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டிருக்கிறது.

"எதுவரைக்கும் படிச்சீங்க?" வேனைக் கிளப்பாமலே கேட்டார்.

"நான் எப்பவும் கடைசிலேர்ந்துதான் ஆரம்பிப்பேன். யார் மாட்டப்போறான்னு தெரிஞ்சாத்தான் நிம்மதியாப் படிக்க முடியும்."

"அத்தை, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சொல்லிடாதீங்க! இன்னும் அஞ்சாறு பக்கம்தான் இருக்கு."

"டாக்டர்தான் மாப்பிள்ளை."

குழாய்க்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனை பாடு, எத்தனை பித்தலாட்டம், எல்லாம் இதற்கா? வெறுத்துப்போய்த் தேதியைச் சரிசெய்து, ஏரோப்ளேன் மோடை எடுத்தார். மாமியார் அழைத்த தகவல்கள் மளமளவென்று வந்து விழுந்தன. பிறகு இவர் கண்ணெதிரிலேயே புத்தகம் மறைந்தது. 'மீண்டும் வரிசையில் சேர விருப்பமா?' என்று ஆப் மரியாதையாகக் கேட்டது. மாமியாருக்குப் பின்னால், இவரே சேர்த்துவிட்ட பாதி ஊர் நின்றுகொண்டிருந்தது.

"போயிடுச்சா?" மாமியார் எட்டிப் பார்த்தார்.

"போயிடுச்சு. இருந்துதான் என்ன பிரயோஜனம்? அதான் டாக்டர்னு சொல்லிட்டீங்களே."

"டாக்டர்னா சொன்னேன்? சீச்சீ. அவர் பாவம், தங்கமான மனுஷன்."

இவர் சட்டென்று திரும்பினார்.

"அப்ப யாரு அத்தை?"

மாமியார் போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

"எங்க வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகிட்டுத்தான் இருக்கு மாப்பிள்ளை. அது நின்ன அன்னைக்குச் சொல்றேன்."