சாவு வீட்டு அடுப்பு

வடிவேலுவின் வாயில் ஒரு பிடி சர்க்கரையைத் திணித்துவிட்டு, "முழுங்கு நைனா, பேசாம முழுங்கு," என்றாள் கயல். அப்பாவின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கை வெடவெடவென்று ஆடியது. பழக்க தோஷத்தில் மனுஷன் காலையிலேயே சர்க்கரை வியாதிக்கான ஊசியைப் போட்டுக்கொண்டுவிட்டார். உச்சிவெயில் வந்தும் வயிற்றுக்குள் ஒரு பருக்கை போகவில்லை. நடுவீட்டில் ஐஸ் பெட்டிக்குள் அம்மா சொர்ணம் படுத்திருந்தாள். பெங்களூரிலிருந்து தம்பி வரும்வரை எடுக்க முடியாது.

எடுக்கிற வரைக்கும் சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. அக்கம்பக்கம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மயிலாப்பூர் கால்வாய் ஓரத்து அந்த லைன் வீடுகளில் யார் வீட்டில் எழவு விழுந்தாலும், சங்குக்காரன் வருவதற்கு முன்னாலேயே சொர்ணம் குண்டான் நிறைய டீயோடு போய் நிற்பாள். அப்புறம் எலுமிச்சை சோறு. அழுகிறவளை அதட்டி உட்கார வைத்து ஊட்டிவிடுவாள். இன்றைக்கு லைன் முழுக்க அவள் படத்தைத்தான் ஸ்டேட்டஸ் வைத்திருந்தார்கள், 'அன்னபூரணி' என்று எழுதி. ஒரு டம்ளர் டீ வரவில்லை. நல்லா இருங்க மகராசிங்களா!

கயல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த வீட்டுத் தங்கம் புருஷனைப் பறிகொடுத்தபோது, காரியம் முடிகிற வரைக்கும் சோறு போட்டவள் சொர்ணம்.

"தங்கம்க்கா, நைனாக்கு மயக்கம் வருது. கொஞ்சம் சோறு கீதா?"

"ஐயையோ, இன்னுமா துன்னல அவரு? யாராச்சும் குடுத்துருப்பாங்கன்னு இருந்துட்டேன்!" தங்கம் நிலைப்படியை விட்டு நகரவில்லை. "எங்கூட்ல இன்னும் உலையே வெக்கலடி. இதெல்லாம் எப்பவும் உங்கம்மாதானே பாத்துக்கும்..."

உள்ளே குக்கர் விசிலடித்தது. இருவரும் கேட்காத மாதிரி நின்றார்கள்.

கயல் திரும்பி வந்தாள். அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றாள். செத்தவளுக்காக இருக்கிறவரையும் சாகக் கொடுக்கவா? முறையாம் முறை! கேஸைத் திருகி ரவையை வறுத்தாள். கைக்கு எட்டியது அம்மாவின் குண்டான்தான். அதிலேயே டீக்கு வைத்தாள். பழக்கத்தில் லைனுக்கே ஆகிற மாதிரி தண்ணீர் விழுந்துவிட்டது.

வறுத்த ரவை வாசனை கடைசி வீடு வரை போயிருக்க வேண்டும். காலையில் அம்மாவுக்கு மாலையைப் போட்டுவிட்டுப் போய்ச் சாத்திக்கொண்ட கதவெல்லாம் திறந்தன. வாசலில் நாலைந்து பெண்கள், முன்னால் தங்கம்.

"இன்னாடி கயலு இது? பொணம் நடு வூட்ல கீது, நீ அடுப்பப் பத்த வெச்சிகினு கீற! பெத்தவ மேல கொஞ்சமாச்சும்..."

கயல் உப்புமாவைத் தட்டில் போட்டாள். தட்டை அப்பாவின் மடியில் வைத்து, அவர் விரலைப் பிடித்து உப்புமாவில் வைத்தாள். அவர் பெட்டிப் பக்கம் பார்க்காமல் அள்ளி அள்ளித் தின்றார். அதைப் பார்த்தபோதுதான் காலையிலிருந்து வராத அழுகை அவளுக்கு வந்தது.

பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கொஞ்சம் ஒப்பாரி வைத்தார்கள். அப்புறம் தங்கம் மூக்கைச் சிந்திவிட்டு அடுப்படியை எட்டிப் பார்த்தாள்.

"டீயும் போட்டியா கயலு? தல இடிக்குது. எனக்கு சக்கர கம்மியா."

"குடும்மா," என்றார் வடிவேலு. "உங்கம்மா இருந்தா குடுத்துருப்பா."

"ஆமா நைனா. அம்மா குடுத்துருக்கும்."

அவருக்கு மட்டும் ஒரு டம்ளர் ஊற்றினாள். மீதியைத் தொட்டியில் கொட்டிவிட்டு, குண்டானைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.