பள்ளத்தோடு வந்த புது மாடல்

அண்ணனின் கிட்டார் கடையில் வாசித்துக் காட்டுவது தங்கையின் வேலை. புது மாடல் எதுவானாலும் அவள் விரல் பட்டால்தான் வாங்க வந்தவர்களுக்கு மனசு இளகும்.

அன்று வந்த எலெக்ட்ரிக் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்ததுமே அவள் முகத்தைச் சுளித்தாள். பெயிண்ட் உரிந்து, திருகாணி துருப்பிடித்து, முழங்கை உரசும் இடத்தில் மரம் வெளுத்து, பச்சைக் குழந்தைக்கு நரைமுடி ஒட்டியது போல இருந்தது. எல்லாம் தொழிற்சாலையிலேயே செய்த வேலை. பழசாகத் தெரிகிற புதுசுக்குத்தான் இப்போது மவுசு. அடிப்பக்கத்தில் இருந்த பள்ளத்தைப் பார்த்ததும் கை நின்றது. அது அவளுடைய சொந்தக் கிட்டாரில் இருக்கும் பள்ளம். கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள், உன் கிட்டாரைப் படமெடுக்கக் கொடுத்தேன், அதைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள் என்றான் அண்ணன், தலையைச் சொறிந்தபடி.

முதலில் வந்தவர் ஒரு பல் டாக்டர். பள்ளத்தைத் தடவியபடியே இது எப்படி வந்தது என்று கேட்டார். மேடையில் ஆவேசத்தில் வீசியது என்று அண்ணன் வாய் கூசாமல் அளந்தான். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவளால் பொறுக்க முடியவில்லை. "மேடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் விட்டுட்டு வந்த மனுஷன் என் தலைக்கு ஓங்கினது. குனிஞ்சேன், சுவத்துல பட்டுச்சு."

கீழே வைத்துவிடுவார் என்று நினைத்தாள். அவரோ கிட்டாரை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். "அப்ப நிஜமான வலிதான்," என்றவர், கிட்டாரின் பின்பக்கத்தில் போட்டுத்தரச் சொல்லி அவளிடம் ஒரு கையெழுத்துக் கேட்டார்.

அண்ணன் அவளை ஓரமாக இழுத்துப் போனான். வருகிறவர்கள் எல்லோரிடமும் இதையே சொல்லேன், உனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்றான்.

"அன்னைக்கு உனக்குத்தான் போன் பண்ணேன். அனுசரிச்சுப் போன்னு சொன்ன. இப்ப அதையே விக்கச் சொல்றியா?"

அவனோ, டாக்டர் கிளம்பிவிட்டாரா என்று எட்டிப் பார்த்தான். அவள் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, தன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேறினாள்.

இப்போது வீட்டிலேயே கற்றுத்தருகிறாள். மாடல் சக்கைப்போடு போடுகிறது என்று ஒரு மாணவியின் அம்மா வந்து சொன்னாள். கதையை இப்போது அண்ணனே சொல்கிறானாம். அதில் அவன் கதவை உடைத்துக்கொண்டு ஓடிவந்து தங்கையைக் காப்பாற்றுகிறானாம். சொல்லும்போது கண் கலங்குகிறானாம்.

அவள் எழுந்து போய் வாஷ்பேசினில் காறித் துப்பினாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தாள்.