எழுதியபடியே

நான் ஆலய வாசலுக்குத் திரும்பி வந்தபோது என் கணவர் ஜெபப் பெட்டியின் துவாரத்துக்குள் இரண்டு விரல்களை நுழைத்துக்கொண்டு நின்றார். ஏதோ சீட்டு பாதியில் சிக்கியிருக்கும், உள்ளே தள்ளுகிறார் என்றுதான் நினைத்தேன். என்னைப் பார்த்ததும் கையை வெடுக்கென்று இழுத்தார். விரல் முட்டியில் தோல் சிராய்ந்திருந்தது.

"இன்னைக்கு ஜெபம் நான்தானாம்," என்றேன்.

"தெரியும். இப்பதான் குமாஸ்தா சொன்னாரு." என்னிடம் சொன்னாரே தவிர, கண் பெட்டியில் இருந்தது. "முடியாதுன்னு சொல்லிடேன்."

"ஏன்?"

"சும்மாதான். சளி புடிச்சுக் கெடந்தவதானே நீ."

சளி பிடித்து ஒரு மாதமாகிறது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஓய்வுபெற்ற குமாஸ்தா வந்து பெட்டியைத் தூக்கி என் கையில் வைத்துவிட்டார். முறைப்படி இந்த வாரம் ஜெபம் நடத்த வேண்டியவர் அவர். "என் தொண்டைய கேட்டா ஆண்டவரே காதப் பொத்திக்குவாரு, லேப் அம்மா. நீங்களே வாசிச்சிடுங்க." கீல் கிறீச்சிடுவதுபோல இருந்தது குரல். நான் சிரித்தேன். என் கணவர் சிரிக்கவில்லை.

எங்கள் சபையில் ஜெபச் சீட்டுகளை முன்கூட்டியே யாரும் பிரிப்பதில்லை. பீடத்தருகே நின்று, எல்லோருக்கும் முன்னால் ஒவ்வொன்றாகப் பிரித்து, எழுதியபடியே வாசிக்க வேண்டும். பெயர் இருக்காது. ஒரு எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான். முன்பெல்லாம் போதகரம்மா சீட்டுகளைச் சனிக்கிழமையே எடுத்துப்போய்ச் சுத்தம் செய்துவிடுவார். 'என் கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார்' என்பது ஞாயிறன்று 'ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக' என்று ஆகிவிடும். அடிபட்டவளுக்குத் தன் சீட்டே அடையாளம் தெரியாது. அதை நான் கமிட்டியில் எழுந்து கேட்டேன். "ஆண்டவருக்குப் போற கடுதாசிய நாம திருத்தி அனுப்புறதா?" என்றேன். சிலருக்கு முகம் கறுத்தது, ஆனாலும் ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இத்தனைக்கும் நான் வேலை பார்க்கும் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பெயர் ஒட்டாத குழாயைத் தொடக்கூட மாட்டேன். அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன்.

பன்னிரண்டு நாட்களுக்கு முன் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் மூன்று மாடி சரிந்து விழுந்தது. உள்ளே இருந்த பல் மருத்துவருக்கு இரண்டு கால்களும் போயின. தொலைக்காட்சியில் இரண்டு நாள் அதுதான் பேச்சு. சிக்கிக்கொண்டவரை மீட்கிறேன் என்று காவலாளி வெளியிலிருந்து சாவி போட்டு நெம்பியதால்தான் லிஃப்ட் நழுவியது என்று லிஃப்ட் கம்பெனி சொன்னது. காவலாளியைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் எங்கள் சபைக்காரர். அந்தக் கம்பெனியில் லிஃப்டுகளை மாதந்தோறும் சோதித்து அட்டையில் குறிப்பெழுதுகிற வேலை என் கணவருக்கு. அந்தக் கட்டடமும் அவர் பொறுப்பில் இருந்ததுதான்.

அன்றிலிருந்து நாலு மாடியும் படியேறித்தான் வீட்டுக்கு வருகிறார். காய்கறிப் பையும் கையுமாக மூச்சு வாங்க வந்து நிற்பார். கேட்டால், "ஒடம்புக்கு நல்லது" என்பார். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காமலிருப்பதை அன்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டால் பதில் வரும் என்று பயந்தேன் என்பதே நிஜம்.

பாட்டு முடிந்து எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். பெட்டியைத் திறந்தேன். பத்துப் பன்னிரண்டு சீட்டுகள்.

முதலாவது தேர்வுக்கு. இரண்டாவது ஓர் அறுவை சிகிச்சைக்கு. மூன்றாவதைப் பிரித்து வாசித்தேன்: "மேல் வீட்டுக்காரர்களின் மனதை மாற்றும், ஆண்டவரே. அது முடியாவிட்டால் அவர்களுடைய வீட்டை மாற்றும்." முழங்காலிலிருந்தபடியே சபை குலுங்கியது. "ஆண்டவரே, கேட்டருளும்," என்று சொல்லும்போது பாதிப் பேருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நாலாவது சீட்டு கணக்கு நோட்டில் கிழித்த தாள். "என் வீட்டுக்காரர் சாவியைத் தொடவே இல்லை. அவர் பொய் சொல்லுகிறவர் இல்லை. அவரை வீட்டுக்கு அனுப்பும்."

சிரிப்பு நின்றது. பெயர் தேவைப்படாத சீட்டு. நாலாவது வரிசையில் காவலாளியின் மனைவி பெஞ்சின் விளிம்பில் நெற்றியை முட்டுக்கொடுத்திருந்தாள். "ஆண்டவரே, கேட்டருளும்," என்றது சபை. நானும் சொன்னேன்.

ஐந்தாவதை எடுத்தேன். பிரிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. தாளின் முதுகில் எழுத்துகள் முள் முள்ளாகப் புடைத்திருந்தன. கார்பன் வைத்து மூன்று படி எடுக்கும் தாளில் வருடக்கணக்காக எழுதிய கை அப்படித்தான் அழுத்தும். எங்கள் வீட்டு மளிகைச் சீட்டுகூட அப்படித்தான் புடைத்துக்கொண்டிருக்கும். விரல் நுனி அறிந்துகொண்டதைக் கண் அறியாமலிருக்கட்டும் என்று ஒரு கணம் அதை மடித்தபடியே வைத்திருந்தேன். பிறகு பிரித்தேன்.

'அந்த லிஃப்டின் அடியில் இறங்கி நான் பார்க்கவில்லை. பார்த்ததாக அட்டையில் எழுதினேன். காவலாளி எந்தத் தப்பும் செய்யவில்லை. இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வேண்டும்.'

நாலே வரி. இந்தச் சபையில் லிஃப்ட் வேலை பார்ப்பவர் ஒருவர்தான்.

குமாஸ்தாவின் குரலில் இது வெளியே வரட்டும் என்று நினைத்துப் போட்டிருக்கிறார். தன் வாயால் வராததை இன்னொரு வாய் சொல்லிவிட்டால், பிறகு எழுந்து நிற்பது ஒன்றுதான் பாக்கி. அந்த வாய் என்னுடையதாகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சீட்டைத் திரும்ப எடுக்கப் பார்த்து விரல்முட்டி சிராய்ந்தது அதனால்தான். கடைசி வரிசையில் அவரைத் தேடினேன். எல்லோரும் தலைகுனிந்திருக்க, அவர் தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. வாசி என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா? இருபத்திரண்டு வருடமாகப் படித்த முகம். ஒன்றும் விளங்கவில்லை.

வாசித்தால் நாளைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். வாசிக்காவிட்டால் இன்னொருவர் ஜெயிலிலேயே இருப்பார். இவ்வளவு எளிமையாக இருந்தது. இதை யாராவது வேதபாட வகுப்பில் கேட்டிருந்தால் கண்ணிமைக்காமல் பதில் சொல்லியிருப்பேன்.

"பாரமுள்ள ஒரு மனிதருக்காக," என்றேன். என் குரல் இனிமையாகவே வந்தது. "அவருக்கு ஆண்டவர் சமாதானம் தரும்படியாக..."

"ஆண்டவரே, கேட்டருளும்."

போதகரம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. வருடக்கணக்காக அதே வேலையைச் செய்தவருக்குத் தையல் எங்கே போட்டிருக்கிறது என்று தெரியாதா? மெதுவாகத் திரும்பக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த இரக்கம்தான் எனக்குத் தாங்கவில்லை.

முன்வரிசையிலிருந்து குமாஸ்தா இருமினார். "லேப் அம்மா," என்று கிசுகிசுத்தார். இரகசியம் பேசுகிறோம் என்று அவருக்கு நினைப்பு. உடைந்த தொண்டை அதைச் சபை முழுக்கக் கொண்டுபோனது. "அது பெரிய சீட்டா இருக்கே. எழுதினபடியே வாசிங்கம்மா. நீங்க போட்ட சட்டம்தானே?"

யாரோ மெல்லச் சிரித்தார்கள். நான் சிரிக்க முயன்றேன். அடுத்த சீட்டை எடுத்துவிடலாம். யாரும் தடுக்கப் போவதில்லை. நாலாவது வரிசையில் அவள் நெற்றியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகத்தோடு அல்ல. என் குரல் ஏன் நின்றது, எனக்கு உடம்புக்கு ஏதாவதா என்ற கவலையோடு.

"அந்த..." என்று தொடங்கினேன். "அந்த லி..."

பின்னால் பெஞ்ச் நகரும் சத்தம் கேட்டது. என் கணவர் எழுந்து நின்றார். கதவு அவருக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நடுவழியில் இறங்கி முன்னோக்கி நடக்க ஆரம்பித்தார். புதிதாகத் தைத்த செருப்பு ஒவ்வோர் அடிக்கும் முனகியது. என்னிடம் வந்து தாளைப் பிடுங்கப் போகிறாரா, என் பக்கத்தில் நின்று பேசப் போகிறாரா? எது நடந்தாலும் சரி, சீக்கிரம் நடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அன்று காலை நான் மனதோடு செய்த ஒரே ஜெபம் அது.

நாலாவது வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டார். அங்கிருந்து என்னைப் பார்க்கவில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

காவலாளியின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். உட்கார இடம் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. முழங்காலிலிருந்து எழுந்து பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி, பெஞ்சைக் கையால் துடைத்துவிட்டு, "வாங்கண்ணே, உக்காருங்க," என்றாள்.