மர்யமிடம் கேளுங்க

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் யார் மனதிலும் வருத்தத்தை வைத்துவிட்டுப் போகக் கூடாது. அதனால் ஹாஜா முகைதீன் ஒரு வாரமாக மணமேல்குடியில் வீடு வீடாகப் போய், "ஏதும் தப்புத் தண்டா நடந்திருந்தா பொறுத்துக்கங்க" என்று கேட்டு வந்தார். மீன் வியாபாரத்தில் முறைத்துக்கொண்டு வருசக்கணக்கில் பேசாதிருந்த ரிஃபாய்கூடக் கட்டிப்பிடித்துக் கண்ணீர் விட்டார். அப்படிக் கேட்டால் மாட்டேன் என்று சொல்கிற வழக்கமே அந்த ஊரில் கிடையாது.

புதன்கிழமை காலை, வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் கூடத்தில் நிறைந்திருக்க, கடைசியாக மருமகள் பவுசியாவிடம் வந்தார். அவள் இடுப்பில் பத்து மாதக் குழந்தை மர்யம்.

"நீயும் பொறுத்துக்கம்மா."

பவுசியா இதற்காகத்தான் காத்திருந்தாள். மர்யமுக்கு முதல் தடுப்பூசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் அடித்தது. விடிந்ததும் பிள்ளை சிரித்துவிட்டது, பெரியவர்களுக்குத்தான் தெளியவில்லை. துபாயில் இருக்கும் கணவன் ஷாநவாஸ் வாட்ஸ்அப்பில் எவனோ உளறியதைக் கேட்டுவிட்டு, "இனிமே என் பிள்ளைக்கு ஊசியே கூடாது" என்று அங்கிருந்தே சட்டம் போட்டான். மாமனாரும் ஆமாம் போட்டார். நர்ஸ் வாசலுக்கு வரும்போதெல்லாம் பிள்ளை ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பவுசியா கெஞ்சினாள், அழுதாள், பட்டினிகூடக் கிடந்தாள். போன வாரம், ஊசி போடாத அடுத்த தெருப் பிள்ளைக்குத் தட்டம்மை முற்றி, மூச்சுத் திணறலோடு புதுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதோடு அவளுக்கு அழுகை நின்று கோபம் வந்துவிட்டது.

"பொறுக்க மாட்டேன் மாமா."

மாமியார் பல்லைக் கடித்தாள்.

"ஹஜ்ஜுக்குன்னு கையில ஊசி போட்டுக்கிட்டு வந்தீங்க. சொட்டு மருந்தும் குடிச்சீங்க. உங்களுக்கும்தான் காய்ச்சல் அடிச்சுச்சு, நான்தான் கஞ்சி வச்சுக் குடுத்தேன். உங்களுக்கு ஆகுற ஊசி என் பிள்ளைக்கு மட்டும் ஆகாதா?"

"அது போடலைன்னா அங்க விடமாட்டாங்கம்மா. இதுக்கு அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும்."

"அவுக துபாய்ல இருந்து என்ன வேணாலும் சொல்லுவாக. மூச்சு முட்டுனா தூக்கிக்கிட்டு ஓடப்போறது நான். இன்னைக்கு ஆஸ்பத்திரில ஊசி போடுற நாள். நான் போறேன். உங்க மகன்ட்ட சொல்றதா இருந்தா சொல்லிக்கங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். வாசலை அடைத்து நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

சுகாதார நிலையத்தில் மர்யம் வீறிட்டு அழுதாள். பவுசியாவுக்கும் கண் கலங்கியது, ஆனால் பிடியைத் தளர்த்தவில்லை. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதுபோல் சந்தோஷமாகக்கூட இருந்தது.

திரும்பி வந்தபோது வாசலில் வேன் நின்றது. நேரமாகிறது என்று எல்லாரும் அவசரப்படுத்தியும் ஹாஜா முகைதீன் ஏறவில்லை. அவளைக் கண்டதும் தெருவில் இறங்கி வந்தார்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு. ராத்திரி காய்ச்சல் வரும்னாங்க. நான் பார்த்துக்கிருவேன்."

"இப்பவாவது பொறுத்துக்கிட்டியாம்மா?"

"இத்தனை மாசமா ஆபத்துல கெடந்தது நானில்லை மாமா. இவகிட்ட கேளுங்க."

ஊரெல்லாம் சடங்குக்குக் கேட்டு வந்த மனிதர், நடுத்தெருவில் பேத்தியின் முகத்துக்கு நேரே குனிந்து, முதல்முறையாக நிஜமாகவே கேட்டார்.

மர்யம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மாவின் தோளில் புதைந்தாள்.