கல்லுளிமங்கனின் கீழ்த்தாடை

பதினோரு மணிக்குத் துறைத் தலைவர் வருகிறார். கடலடி மேடுபள்ளம்தான் நீரோட்டத்தைக் குலைத்துத் தண்ணீரைக் கலக்குகிறது என்று என் சாண் அகலக் கண்ணாடித் தொட்டி அவருக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தொட்டியைத் தூக்கிவிட்டு இந்த அறையில் நாற்காலிகளை அடுக்கிவிடுவார்கள். ஒன்பது வருஷமாக நான் கட்டிக்கொண்டு அழும் தொட்டி! தலைவரோ வாயைத் திறந்து சிரித்ததே கிடையாது. எங்களுக்குள் அவர் பெயர் கல்லுளிமங்கன்.

பத்து மணிக்கு ஒத்திகை பார்த்தேன். கீழே நீலச் சாயம் கரைத்த உப்புத் தண்ணீர், மேலே நல்ல தண்ணீர். கடலடி மேட்டுக்காகத் தச்சர் செய்து தந்த மர மலைமேல் இரண்டும், சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி, ஒட்டாமல் உரசாமல் போய்ச் சேர்ந்தன. ஒரு சுழிகூட இல்லை.

"கரடுமுரடா வேணும்னு வரைஞ்சே குடுத்தேனே!"

"பிசிறு பிசிறா இருந்தா என் பேர் என்ன மேடம் ஆகறது? நல்லா இழைச்சு வார்னிஷும் அடிச்சிருக்கேன்," என்றார் பக்கத்தில் நின்ற தச்சர், பெருமையாக.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிர்ப்பக்கப் பல் மருத்துவமனையில் அச்சு வார்க்கும் என் வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். "என்னங்க, மேடும் பள்ளமுமா எதாவது இருந்தா தூக்கிட்டு ஓடி வாங்க!"

ஓடி வந்தார். கையில் பிளாஸ்டரில் வார்த்த ஒரு கீழ்த்தாடை. "இதவிடக் கோணல் உலகத்துலயே கிடையாது," என்றார். மலையை எடுத்துவிட்டுத் தாடையை அடியில் பதித்துத் தண்ணீரை மறுபடி நிரப்பி முடித்தோம். அப்புறம்தான் கேட்கத் தோன்றியது.

"ஆமா, இது யாரோட தாடை?"

"உங்க தலைவரோடது. வெள்ளிக்கிழமை கம்பி போட்டு நேராக்கப் போறோம்."

கதவு திறந்தது. தலைவர்.

ஆனது ஆகட்டும் என்று நீரோட்டத்தைத் திறந்தேன். நீலம் கோரைப்பல்லில் முட்டி எகிறியது, முன்பல் இடுக்கில் பீறிட்டது, சுருண்டது, உடைந்தது. அடித்தண்ணீர் மேலே, மேல்தண்ணீர் அடியில்! நான் குதித்தேன். "கலந்துடுச்சு, கலந்துடுச்சு!" என்று தச்சர் கை தட்டினார்.

தலைவர் குந்தி உட்கார்ந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டினார். "எந்தக் கடலோட தரை இது?"

பார்த்துக்கொண்டே இருந்தவரின் நாக்கு, உதட்டுக்கு உள்ளே, தன் முன்பல் இடுக்கை மெல்லத் தடவியது.

"இது..."

"உங்களோடதுதான் சார்," என்றேன். பயத்தில் குரல் கீச்சிட்டது.

கல்லுளிமங்கன் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அத்தனை கோணல் பல்லும் தெரிய, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இன்னொரு தடவை ஓட்டும்மா!" ஆறு தடவை ஓட்டினேன்.

"சார், மேல்தாடைய நான் மரத்துல செய்யறேன். இழைக்கவே மாட்டேன், சத்தியமா!" என்றார் தச்சர்.

தலைவர் எழுந்து, என் வீட்டுக்காரர் தோளைத் தட்டினார். "வெள்ளிக்கிழமை நான் வரல. கம்பியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாற்காலிய வேற எங்கயாவது போட்டுக்கலாம்."

அன்று சாயங்காலம் வரை, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டே போனாராம்.