முட்டிக்கு மேல்

கைப்பேசி அதிர்ந்தபோது எவாஞ்சலினுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அவள் கணக்கு எழுதும் உதிரிபாகக் கம்பெனியின் தகரக் கூரைமேல் காலையிலிருந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. வீடு கோவில்பதாகையில். மழைக்காகப் பள்ளியை மூடிவிட்டதால் மகள் நிஷா மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். இந்த நேரத்தில், தானே எழுதிய வாசகம் தனக்கே வந்திருந்தது: 'பயமில்லை. கீழே இறங்கலாம்.'

மறுபடி படித்தாள். அவள் கிளம்பும்போதே தெருவில் கணுக்கால் தண்ணீர். இத்தனை மழைக்குப் பிறகு எப்படி இறங்கலாம்?

அந்தக் குடியிருப்பில் மோட்டார் போடுவதற்கு முறை வைத்திருந்தார்கள். வாரத்துக்கு ஒரு வீடு. இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால், தங்கள் முறை வந்த வாரத்தில், அவள் கணவன் ஜஸ்டின் மேல்தொட்டி காலியாகிவிட்டது என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். கார் நிறுத்தும் இடத்தில் தண்ணீர் நின்றது. சுவிட்சுப் பெட்டி படிக்கட்டை ஒட்டிய தூணில். அவன் திரும்ப மேலே ஏறி வரவில்லை. அவன் கை பெட்டியைத் தொட்டதா, அதற்கு முன்பே தண்ணீரில் கரண்ட் இருந்ததா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. பிறகு பெட்டியை ஓரடி உயர்த்தி மாட்டினார்கள். அதோடு எல்லோரும் மறந்தும் போனார்கள்.

அவளால் மறக்க முடியவில்லை. புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் செயலி செய்யலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தாள். ராத்திரிகளில் தூக்கம் வராதபோது உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். எழுத ஒன்றும் இல்லை. கட்டங்களை இழுத்து வைத்துக் கோடு போட்டு இணைக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் கட்டம் காத்திருக்கும்: வாட்ச்மேன் துலுக்கானம் தண்ணீர் அளவைப் புதிதாகப் பதிந்தால் விழித்துக்கொள்ளும். அடுத்த கட்டம் கேள்வி கேட்கும்: பன்னிரண்டு அங்குலமோ அதற்கு மேலோ இருக்கிறதா? ஆம் என்றால், 'இறங்காதீர்கள், தண்ணீரில் கரண்ட் இருக்கலாம்' என்ற செய்தி. கடைசிக் கட்டம் அதையே கீழ்வீட்டில் தொடங்கி ஒவ்வொரு வீடாக அனுப்பிக்கொண்டு போகும்.

'இல்லையென்றால்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு என்னவோ போலிருந்தது. மேலே யாராவது பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்களே என்று, ஆறுதலாக இருக்கட்டுமென்று, அந்த வரியைத் தட்டி வைத்தாள். பயமில்லை. கீழே இறங்கலாம்.

இப்போது ஆபீஸ் கணினியில் அந்தச் செயலியைத் திறந்தாள்.

"இன்னா எவாக்கா, கம்பெனி சர்வர நான் பாத்துகினு கீறேன், நீங்க உங்க ஊட்டு சர்வர பாத்துகினு கீறீங்களா?" பின்னால் டீயோடு வந்த கிருபாகரன் சிரித்தான். கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன்.

"கொஞ்சம் சும்மா இரு, கிருபா."

அவள் குரலைக் கேட்டு அவன் டீயைக் கீழே வைத்தான்.

பதிவுகள் வரிசையாக வந்தன. முந்தின நாளெல்லாம் '2 இன்ச்', '3 இன்ச்'. கடைசி வரியில் துலுக்கானம் எழுதியிருந்தது: 'முட்டிக்கு மேல கீது'. அதற்குப் பக்கத்தில், செயலி தானாகக் கணக்கிட்ட அளவு: 0.

எவாஞ்சலின் அந்தப் பூஜ்யத்தையே பார்த்தாள். முதலில் அந்த இடத்தில் எண் மட்டுமே ஏற்றுக்கொள்ளும்படிதான் வைத்திருந்தாள். துலுக்கானம் '2 இன்ச்' என்று அடிக்கும்போதெல்லாம் சிவப்பாகக் கத்தியது. "இது இன்னாம்மா, என்னியே முறைக்குது" என்று அவர் சொன்னதும் பாவமாக இருந்தது. எதை எழுதினாலும் வாங்கிக்கொள்ளட்டும், அதிலுள்ள எண்ணை மட்டும் செயலியே பிரித்து எடுத்துக்கொள்ளட்டும் என்று மாற்றினாள். எழுதியதில் எண்ணே இல்லாவிட்டால் அது என்ன செய்யும் என்று அவள் யோசிக்கவில்லை. முட்டிக்கு மேலே ஏறிய தண்ணீரை அது தரை காய்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டு, எல்லா வீட்டுக்கும் அவளுடைய ஆறுதலை அனுப்பிவிட்டது.

துலுக்கானத்தைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. நிஷாவைக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்து, கடைசியில் எடுத்தாள்.

"எங்கடி இருக்க?"

"படியிலமா. டேங்க்ல சுத்தமா தண்ணி இல்ல. இந்த வாரம் நம்ம முறதான? மெசேஜ் வந்துடுச்சு, அதான் மோட்டார் போட..."

"போகாத! நிஷா, போகாத! ஏறு மேல!"

"என்னமா? கேக்கல. மழ சத்தம்... கரண்ட்லாம் இருக்குதுமா, போட்டுட்டு வந்து கூப்பிடறேன்."

துண்டிக்கப்பட்டது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. முதல் மாடிக் கனிமொழியைக் கூப்பிட்டாள், லைன் கிடைக்கவில்லை.

கரண்ட் இருக்கிறது என்கிறாள். கரண்ட் இருக்கிறது.

துலுக்கானத்தின் வரியை அழித்துவிட்டு அதே இடத்தில் 30 என்று அடித்தாள். அவசரத்தில் 300 விழுந்தது. திருத்தினாள். தன் கைப்பேசியைப் பார்த்தாள். செய்தி வரவில்லை. மறுபடி பார்த்தாள். வரவில்லை. ஏசப்பா, ஏசப்பா என்று வாய் தானாக முணுமுணுத்தது.

"எப்போ ஓடற மாதிரி வெச்சீங்கக்கா?" கிருபாகரன் குரலில் இப்போது கிண்டல் இல்லை. "புதுசா போட்டாவா, திருத்தினாலுமா?"

புதிதாகப் பதிந்தால்தான். பழையதைத் திருத்தினால் அது திரும்பிக்கூடப் பார்க்காது. அவளே வைத்த நிபந்தனை. புதிய வரியைத் திறந்து 30 என்று போட்டு அமுக்கினாள். பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது.

கீழ்வீடு. அனுப்பப்பட்டது. முதல் மாடி, கனிமொழி வீடு. அனுப்பப்பட்டது. ஒவ்வொரு வரியும் மூச்சு வாங்கிக்கொண்டு வருவதுபோல் வந்தது. அவளுடைய வீடு கடைசியில். மாடி வரிசைப்படி பெயர்களைப் போட்டவளும் அவள்தான். நிஷா படியில் இறங்குகிற வேகத்தையும் இந்தப் பட்டியல் ஏறுகிற வேகத்தையும் அவள் மனம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. பார்க்காதே என்று சொன்னாலும் நிற்கவில்லை. தூண் தெரிந்தது. பெட்டி தெரிந்தது. அந்தக் கலங்கிய தண்ணீரும், அதில் மிதந்துகொண்டிருந்த ஜஸ்டினின் ஒற்றைச் செருப்பும் தெரிந்தன.

எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. யாரும் கூப்பிடவில்லை. கிருபாகரன் தன் போனில் மின்வாரியத்துக்கு அடித்துக்கொண்டிருந்தான். எடுக்கவில்லை. எவாஞ்சலின் பையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். அவள் ஓடி ரயில் பிடித்து ஆவடியில் இறங்கிப் போவதற்குள் என்ன ஆக வேண்டுமோ அது ஆகியிருக்கும்.

கைப்பேசி அடித்தது. கனிமொழி.

"எவாக்கா, நிஷா எங்கிட்டதான் கீறா. ஒண்ணும் ஆவல. பயப்படாதீங்க."

எவாஞ்சலின் பையைக் கீழே வைத்தாள்.

"மொதல்ல இறங்கலாம்னு வந்துச்சு, அப்புறம் இறங்காதன்னு வந்துச்சு. இன்னாடா இதுன்னு கதவத் தொறந்தா, இவ கீழ் படியில நின்னுகினு ஒரு கால தண்ணியில வெக்கப் போறா. கத்தினேன், காதுல வுழல. ஓடிப் போயி ஜடையப் புடிச்சு இழுத்துட்டேன்க்கா. நல்லா வலிச்சிருக்கும், பாவம்."

பின்னால் நிஷா அழுவது கேட்டது. போன் கை மாறியது.

"தண்ணி கண்ணுக்குத் தெரிஞ்சுதுல்லடி? அதப் பாத்துட்டுமா கால் வெக்கப் போன?"

"நீதானமா இறங்கலாம்னு அனுப்பின?" நிஷா விம்மினாள். "கரண்டு கிரண்டுலாம் நீ பாத்துட்டுதான் அனுப்பியிருப்பன்னு நெனச்சேன்."

எவாஞ்சலின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவள் வீடு போய்ச் சேர்ந்தபோது தெரு முழுக்க மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில், கனிமொழி வீட்டுக் கூடத்தில் நிஷா போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் துலுக்கானம் சொட்டச் சொட்ட நின்றார்.

"மெசேஜ் போட்டுட்டமே, எல்லாரும் உஷாரா இருப்பாங்கன்னு நென்ச்சு, கரண்ட நிறுத்தச் சொல்ல ஈபி ஆபீசுக்கு ஓடிட்டேம்மா. போன பிளாஸ்டிக் கவர்ல சுத்தி உள்ள வெச்சிட்டேன், நீ அடிச்சது கேக்கல."

"நம்பரா போடணும்னு சொல்லியிருந்தேனே அண்ணே." அவள் குரலில் கோபம் இல்லை.

"நீ அளவு பாக்க பெயிண்ட்ல கோடு போட்ட தூணு கலங்கல் தண்ணியில முங்கிக் கீது. கிட்டப் போயிப் பாக்க எனக்கு இன்னா பைத்தியமா? கேட்டாண்ட நின்னேன், முட்டிக்கு மேல வந்துச்சு. அதப் போட்டேன்."

அவர் செய்தது சரிதான். அந்த ஊரில் வெள்ளத்தை யாரும் அங்குலத்தில் சொன்னதில்லை. கணுக்கால், முட்டி, இடுப்பு. அவளும் அப்படித்தான் சொல்லுவாள்.

நிஷாவின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, மீதியிருந்த சார்ஜில் செயலியைத் திறந்தாள். தட்டச்சு செய்யும் இடத்தை எடுத்துவிட்டு, தொட்டால் போதும் என்று மூன்று பொத்தான்கள் வைத்தாள். கணுக்கால், முட்டி, இடுப்பு. பிறகு 'இல்லையென்றால்' கட்டத்துக்கு வந்தாள். தன் பழைய வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அந்த இடத்தில் எழுதினாள்: 'எதுவும் தெரியவில்லை. இறங்காதீர்கள்.'

நிஷா எட்டிப் பார்த்தாள். "அப்போ எப்பதாம்மா அது இறங்கலாம்னு சொல்லும்?"

"சொல்லவே சொல்லாது. அத ஒரு ஆளு கதவத் தட்டிதான் சொல்லணும்."

"யாரும் வரலன்னா?"

"வர்ற வரைக்கும் மேலயே இரு. தொண்ட காஞ்சாலும் இரு."

நிஷா தலையாட்டினாள். முன்பெல்லாம் அம்மா சொன்னால் சரி என்று ஆட்டுகிற தலை. இப்போது அதில் பயம் மட்டுமே இருந்தது. இருக்கட்டும் என்று எவாஞ்சலின் நினைத்துக்கொண்டாள்.