கம்பிகளை எப்போது கழற்றலாம்

இரும்பு உடைந்துவிடுமோ என்றுதான் எல்லோருக்கும் பயம். எனக்கு அது நெளிந்துவிடுமோ என்று பயம். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை மேசைமேல் நிமிர்த்தி வைத்து உச்சியில் அழுத்திப் பாருங்கள். நசுங்காது, சட்டென்று பக்கவாட்டில் வளைந்துவிடும். மெல்லிய இரும்புச் சட்டமும் அப்படித்தான். பக்கத்தில் பிடிமானம் இருக்கும்வரை யானை பலம். பிடிமானம் போனால் ஒரு முனகல்கூட இல்லாமல் சுருண்டுவிடும்.

இதைச் சொல்வதுதான் என் உத்தியோகம். கட்டுமான நிறுவனம் ஒன்றில் உட்கார்ந்து, கிடங்குகளுக்குக் கூரை மாட்டுகிறவர்களுக்காக வழிகாட்டிக் குறிப்பு எழுதுகிறேன். முதலில் நாற்பது பக்கம் எழுதினேன். ஒருவரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. வந்த கோபத்தில் வெட்டித் தள்ளி ஒரே பக்கமாக்கினேன். அதில் ஏழாவது வரி: ‘கூரைத் தகடு பொருத்தி முடிந்ததும் சட்டங்களுக்கு இடையிலுள்ள தற்காலிகக் கம்பிகளைக் கழற்றலாம்.’ முதலில் ‘ஸ்க்ரூ போட்டுப் பொருத்தி’ என்றிருந்தது. ஸ்க்ரூ போடாமல் வேறு எப்படிப் பொருத்துவார்களாம் என்று அந்த இரண்டு சொல்லை நானே அடித்தேன். அன்றைக்கு என்னைவிடக் கெட்டிக்காரி உலகத்தில் இல்லை.

என் தம்பி கூரை மாட்டும் குழுவுக்கு மேஸ்திரி. வீட்டில் நான் எது சொன்னாலும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறவன். இந்த ஒரு காகிதத்தை மட்டும் வரி பிசகாமல் கேட்டான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று காலை பதினோரு மணிக்கு ஒரு போட்டோ அனுப்பினான். பளபளவென்று புதுக் கூரை, அதன்மேல் அடுத்த பகுதிக்காக ஏற்றிவைத்த, இன்னும் பிரிக்காத தகட்டுக் கட்டுகள். கூடவே அவன் குரல்.

"அக்கா, பாத்தியா? தகட்டுல ஒரு ஓட்டை கிடையாது. இந்தத் தடவை எல்லாம் கிளிப்புதான், சொட்டு ஒழுகாது. உன் பேப்பர்படி கம்பியக் கழட்ட ஆரம்பிச்சாச்சு."

நான் அடித்துவிட்ட அந்த இரண்டு சொல் நினைவுக்கு வந்தது. ஸ்க்ரூ போட்ட தகடு, கம்பிக்குப் பதிலாகச் சட்டத்தை நெளியாமல் இறுக்கிப் பிடிக்கும். கிளிப்பில் மாட்டிய தகடோ வெயிலுக்கு விரிந்து நகர்வதற்காகவே செய்தது. அது எதையும் பிடிக்காது.

தம்பியைக் கூப்பிட்டேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அங்கே போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும். சைட் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன்.

"கழட்டறத உடனே நிறுத்துங்க. எல்லாரையும் கீழ இறக்குங்க."

"தகடு போட்டதும் கழட்டலாம்னு நீங்கதானே மேடம் எழுதியிருக்கீங்க? செவுத்துல ஒட்டியே வெச்சிருக்கோம்."

"நான் எழுதினது தப்புங்க!"

"அப்படின்னா திருத்தி மெயில் போடுங்க. வாய்வார்த்தைய நம்பி வேலைய நிறுத்தினா என் தலை உருளும்."

இரண்டு வரி தட்டி மெயில் அனுப்பினேன். "உங்க பெரிய இன்ஜினியர் கையெழுத்து இல்லையே மேடம்" என்றார். அந்த மனிதரைக் கொன்று போடலாம் போலிருந்தது. ஆனால் அவர் கையில் அந்தக் காகிதத்தைக் கொடுத்தது நான்தானே. "என் தம்பிகிட்ட போனக் குடுங்க!" என்று அலறினேன். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

தண்ணீர் குடிக்க அவன் கீழேதான் இறங்கியிருந்தான்.

"சொல்லுக்கா."

"கிளிப் பிடிக்காதுடா. சட்டம் நெளிஞ்சுடும். எத்தனை கழட்டினீங்க?"

"பாதிக்கு மேல." அவன் குரல் இறங்கிவிட்டது.

"மேல யாரு இருக்கா?"

"மூணு பேரு."

"கீழ நின்னே கத்திக் கூப்பிடு. நீ ஏறாதே."

"ட்ரில் சத்தத்துல கேக்காதுக்கா. ரெண்டே நிமிஷம், போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

"வேண்டாம்டா, சொன்னாக் கேளுடா."

"அவங்கள ஏத்திவிட்டது நான்தானேக்கா."

போனைச் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னொரு ஆளின் எடை அந்தச் சட்டத்தை என்ன செய்யும் என்று கணக்குப் போடத் தெரிந்தவள் நான். அவன் சட்டையைப் பிடித்து இழுக்க எனக்குக் கை எட்டவில்லை.

"இறங்கறாங்க மேடம்" என்றார் சூப்பர்வைசர். "ஒருத்தர் வந்துட்டாரு... ரெண்டு... மூணு பேரும் வந்தாச்சு."

"தம்பி?"

"ஏணிய நோக்கி வர்றாரு. இதோ, கிட்ட வந்துட்டாரு..."

பாத்திர அடுக்கு சரிந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. "கூரை விழுந்துடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

"மேடம்" என்றார் அவர். பிறகு மறுபடியும், "மேடம்."

"இறங்கச் சொல்லுங்க" என்றேன். "அவன இறங்கச் சொல்லுங்க."